நெருப்புக்கா, இன்ஸ்பெக்டருக்கா?

"லைசென்ஸுக்கா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

பாரிமுனைப் பக்கம், தீயணைப்புச் சாமான் விற்கிற கடை. வாசலில் சிவப்பு சிலிண்டர்கள் உயரவாரியாக வரிசை கட்டி நின்றன. எனக்குக் கேள்வி புரியவில்லை. கிளினிக்கா, பார்லரா, டியூஷன் சென்டரா, எதற்கு லைசென்ஸ் புதுப்பிக்கிறோம் என்று சொன்னால் அதற்குத் தோதான உருப்படியை எடுத்துக் கொடுத்துவிடுவாராம்.

"வீட்டுக்குங்க. நெருப்புப் பிடிச்சா அணைக்கிறதுக்கு."

பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "தம்பி, நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வா."

அப்படியானால் வாசலில் நிற்பவை என்ன என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் அப்புறம் ஊரில் எந்த ஓட்டலிலும் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு தோசை சாப்பிட முடியாது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயதில் சினிமா தியேட்டர்களில் 'தீ' என்று எழுதிய சிவப்பு வாளிகள் தொங்கும். உள்ளே மணல். மணலுக்கு மேல் வெற்றிலைச் சாறும் பீடித் துண்டுகளும். தீயை அணைக்க வைத்த வாளியிலிருந்து புகை வருவதை இடைவேளையில் முறுக்கு தின்றபடி பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

வீட்டுக்கு ஏ.பி.சி. பவுடர் போதும் என்றார் கடைக்காரர். ஏ என்றால் மரம், துணி, காகிதம். பி என்றால் பெட்ரோல், பெயிண்ட் வகையறா. சி என்றால் கேஸ். கரண்டில் பற்றிக்கொண்டாலும் அடிக்கலாம். உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். செடிக்கு உரமாகப் போடுகிற அதே உப்புதான் என்று அவர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னபோது, "அப்ப மிச்சமானா ரோஜாத் தொட்டிக்கு ஆச்சு" என்று அத்தைக்கு ஒரே திருப்தி.

கடைக்குக் கூடவே வந்திருந்த என் வீட்டுக்காரருக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான் வேண்டுமாம். பவுடர் அடித்தால் அவருடைய பெரிய டி.வி. பாழாகிவிடும், இதுவென்றால் கறையே படாது என்று வாதம். வீடு எரிகிறபோது டி.வி.யில் ஹைலைட்ஸ் பார்க்கிற உத்தேசம் போலிருக்கிறது. மூடிய சின்ன அறையில் அதை அடித்தால் நெருப்போடு நமக்கும் மூச்சு நின்றுபோகும் என்று கடைக்காரர் சொன்னது அவர் காதில் விழவில்லை. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு சிலிண்டரைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். ஏகப்பட்ட அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் கனத்த எஃகில் செய்திருப்பார்கள். சரக்கு ரெண்டு கிலோ என்றால் தூக்குகிறவர் கைக்கு அது ரெண்டு கிலோவாக இருக்காது. "பவுடரே நல்லதுதான்" என்றார் இவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்கிறதா, மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து ரெண்டு கிலோ சிலிண்டர் ஒன்றை வாங்கினோம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். எவ்வளவு நேரம் அடிக்கும் என்று கேட்டேன். பத்து நொடி, கொஞ்சம் முன்னே பின்னே. எங்கள் வீட்டில் பத்து நொடியில் முடிந்த காரியம் என்று எதுவும் கிடையாது. இவர் கண்ணாடியைத் தேடி எடுக்கவே கால் மணி ஆகும்.

மாட்டுகிற இடத்துக்கு ஒரு விதி உண்டு. அடுப்புக்கு மேலே மாட்டவே கூடாது. சமையலறையை விட்டு வெளியேறுகிற வழியில் இருக்க வேண்டும். நெருப்பைத் தாண்டிப் போய் எடுக்கிற மாதிரி இருந்தால் அது சும்மா சுவர் அலங்காரம். இந்தச் சின்ன விஷயத்துக்கு இவர் தெரிந்த வாஸ்துக்காரரைப் போனில் பிடித்தார். சமையலறை இருப்பது தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. அக்னி மூலையில் போய் அக்னியை அணைக்கிற சாமானை வைப்பார்களா என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதற்றம். ஈசானியத்தில் வைக்கச் சொன்னார். எங்கள் ஈசானியம் பிள்ளைகள் படுக்கிற அறை பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

அத்தைதான் தீர்த்து வைத்தார். "கேஸ் சிலிண்டரையே அவர் மூலையில உக்கார வெச்சிருக்கோம், கோவிச்சுக்கலை. இதுக்கா கோவிச்சுக்கப் போறாரு?"

அன்றிலிருந்து அது அத்தையின் பொறுப்பு. காலையில் பிரஷர் மாத்திரை போட்டதும் நேரே போய் அதன் பிரஷரையும் பார்த்துவிட்டு வருவார். ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டித் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தார். குங்குமத்தை வைத்த இடம் மீட்டர் கண்ணாடி. அதிலும் பச்சைப் பட்டைக்கு நேர் மேலே. இப்போது யார் வந்து பார்த்தாலும் முள் சிவப்பில் நிற்கிறதே, கவனிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். சாமிக்கு வைத்த பொட்டை அழிக்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

ஏப்ரல் மாதம் எங்கள் குடியிருப்புக்குத் தீயணைப்பு வீரர்கள் செயல்விளக்கம் காட்ட வந்தார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுக்கத் தீயணைப்பு வாரம். வந்திருந்த அதிகாரி காரணத்தையும் சொன்னார். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள். கூடவே பஞ்சு மூட்டைகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம். போதாதென்று தங்கக் கட்டிகள். பஞ்சில் நெருப்புப் பிடித்தது. நாலு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வெடித்தது. தங்கக் கட்டிகள் பறந்துபோய் ஊருக்குள் விழுந்தன. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம்.

வெடிமருந்தையும் பஞ்சையும் எண்ணெயையும் ஒரே கப்பலில் ஏற்றியவன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரன் என்று கூட்டத்தில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து லாஃப்டை நிமிர்ந்து பார்த்தேன். இலவம்பஞ்சு மெத்தை. பாதி டப்பா பெயிண்ட். அதற்கான தின்னர். மழையில் வெடிக்காமல் எடுத்து வைத்த தீபாவளிச் சரவெடி. கல்யாணமான காலத்திலிருந்து சேர்ந்த பத்திரிகைகள். இவை எல்லாவற்றுக்கும் பின்னால், திருடனுக்குத் தோன்றாது என்று அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த வளையல்கள். நேர் கீழே இன்வெர்ட்டர். அந்தக் கப்பலில் இல்லாதது இன்வெர்ட்டர் மட்டும்தான்.

செயல்விளக்கத்துக்கு வருகிறேன். தகரத் தட்டில் டீசல் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். பின்னைப் பிடுங்கு, நெருப்பின் அடியைக் குறிவை, கைப்பிடியை அமுக்கு, இடமும் வலமுமாக வீசு. பாடம் அவ்வளவுதான். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடிக்க வேண்டும் என்பதை மட்டும் அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் ஆளாக எங்கள் செக்ரட்டரி முன்வந்தார். போட்டோவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்தாரே தவிர, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. முந்தின நாள்தான் மை அடித்திருந்த மீசை. அதன் இயற்கை நிறத்தை அன்றைக்குத்தான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"வடை சுடறப்போ எண்ணெய்ச் சட்டி பத்திக்குது. என்ன செய்வீங்க?" என்று அதிகாரி கேட்டார். "தண்ணி!" என்று கோரஸாகப் பதில். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகும். ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். எரிகிற எண்ணெயை அள்ளி நம் மூஞ்சியில் வீசும். அடுப்பை அணைத்து, சட்டியை நகர்த்தாமல், ஒரு மூடியைப் போட்டு மூடி, ஆறுகிறவரை திறக்காமல் இருக்க வேண்டும். சிலிண்டரால் அடித்தால்கூட சூடு தணியாமல் எண்ணெய் மறுபடி பற்றிக்கொள்ளலாம். மூடிதான் வைத்தியம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்தச் சட்டிக்கும் அதன் மூடி கிடையாது. எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் யார் வீட்டுக்கோ குழம்போடு போனவை. இப்போது அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் தொங்குகிறது. நிச்சயதார்த்தத்துக்கு யார் இரவல் கேட்டாலும் கொடுப்பதில்லை.

கேஸ் கசிந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். அந்த கேஸ் காற்றை விடக் கனம், தரையோடு படரும். புகையோ மேலே போகும், அதனால் புகையில் குனிந்தும் தவழ்ந்தும் வர வேண்டும். என் வீட்டுக்காரர் சந்தேகம் கேட்டார்: "அப்ப நிக்கணுமா சார், தவழணுமா?"

"முதல்ல வெளியே போங்க சார்."

புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வாங்கி மாட்டினோம். வெளிநாட்டு வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை கத்தும்போலிருக்கிறது. இங்கே காய்ந்த மிளகாய் தாளித்தால் கத்தியது. ஊதுபத்திக்கு முனகியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அலறிய அலறலில் கீழ்வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். சமையலறைக்கு வெப்பத்தை உணர்கிற வகைதான் சரி என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அத்தை பேட்டரியைக் கழற்றி ரிமோட்டில் போட்டு சீரியல் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

இதையெல்லாம் செய்யச் செய்யத்தான் ஒன்று புரிந்தது. வீடு கட்டும்போது நம் மனதில் இருப்பவன் திருடன் ஒருவன்தான். ஜன்னலுக்குக் கம்பி, பால்கனிக்குக் கம்பி, கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கதவு, அதற்கொரு பூட்டு. மொட்டை மாடிக்கு ஒரு பூட்டு. அந்தச் சாவி செக்ரட்டரியிடம், செக்ரட்டரி மகள் வீட்டில், மகள் நியூஜெர்சியில். திருடன் உள்ளே வர முடியாது, வாஸ்தவம். நாமும் வெளியே போக முடியாது. "ராத்திரி புகை சூழ்ந்தா இந்த இரும்புக் கதவுச் சாவி எங்கே இருக்கும்?" என்று அதிகாரி கேட்டிருந்தார். ஃபிரிட்ஜ் மேல் என்றார் இவர். டி.வி. ஸ்டாண்டில் என்றேன் நான். சாவி அப்போது அத்தையின் இடுப்பில் இருந்தது.

ஆகவே கதவருகே ஒரு ஆணி. இருட்டில் நம் கைக்கு எட்ட வேண்டும், வெளியிலிருந்து திருடன் கைக்கு எட்டக் கூடாது. எங்கே அடிப்பது என்று இவர் சோதித்தே பார்த்துவிட முடிவு செய்தார். எல்லாரும் தூங்கிய பிறகு, லுங்கியை மடித்துக் கட்டி, வெளியே நின்று, என்னை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லி, ஒட்டடைக்கொம்பைக் கம்பி வழியே விட்டுச் சாவியைத் துழாவினார். புகைப் பயிற்சியும் சேர்த்தே ஆகட்டும் என்று மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு வேறு.

எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சர் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்து அவரும் ஒரு ரெண்டு கிலோ வாங்கி வைத்திருந்தார். செயல்விளக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். பின்னைப் பிடுங்கினார், அடியைக் குறிவைத்தார், அமுக்கினார், இடமும் வலமுமாக வீசினார்.

கொஞ்சம் அடித்தாலும் வால்வில் பொடி சிக்கி அழுத்தம் கசிந்துவிடும், முழுசாக ரீஃபில் செய்துதான் ஆக வேண்டும். அந்தக் காசை யார் கொடுப்பது? உங்கள் வீட்டைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்கிறார் டீச்சர். அடி வாங்கியவனே நான்தான் என்கிறார் இவர். வழக்கு செக்ரட்டரிக்குப் போயிருக்கிறது. இதைத் தீ விபத்துத் தலைப்பில் எழுதுவதா, திருட்டுத் தலைப்பில் எழுதுவதா என்று ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாக நியூஜெர்சியிலிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கிறது.