ஒரு சிம்மாசனம், அறுபத்தெட்டு ராஜாக்கள்

1880களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் எல். சல்லிவன் என்று ஒரு குத்துச்சண்டை வீரர் இருந்தார். மீசை, தொப்பை, தாகம் மூன்றும் தாராளம். சாராயக்கடைக்குள் நுழைந்ததும், இங்கே இருக்கிற எவனையும் என்னால் அடிக்க முடியும் என்று உரக்க அறிவிப்பது அவர் வழக்கம். நம்மூரிலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இதே அறிக்கையை விடுபவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. சல்லிவன் விஷயத்தில் அது உண்மையாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1883இல் ரயிலேறி நாடு முழுக்கச் சுற்றக் கிளம்பினார். என் முன்னால் நான்கு ரவுண்டு தாக்குப்பிடிப்பவனுக்கு ஆயிரம் டாலர் என்று தண்டோரா. ஊருக்கு ஊர் உள்ளூர்ச் சண்டியர்கள் மனைவி பேச்சைக் கேட்காமல் மேடையேறினார்கள். ஏறியது அவர்கள் காலால். இறங்கியது பிறர் தோளில். உலக சாம்பியன் கையாலேயே தாடை பெயர்ந்தவன் அந்தக் கதையைப் பேரன் காலம்வரை சொல்லிக்கொண்டிருப்பான் இல்லையா? விளம்பரத்துக்கு வேறு செலவே இல்லை.

1889இல் மிசிசிப்பியில் ஜேக் கில்ரெய்னோடு அவர் போட்ட சண்டைதான் கையுறை இல்லாமல் நடந்த கடைசி பெரிய பட்டச் சண்டை. சட்டப்படி குற்றம் என்பதால் இடத்தை ரகசியமாக வைத்திருந்தார்கள். எவ்வளவு ரகசியம் என்றால், ஸ்பெஷல் ரயில் விட்டு ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துப்போகும் அளவுக்கு. கொளுத்தும் ஜூலை வெயிலில் 75 ரவுண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். 44ஆவது ரவுண்டில் சல்லிவன் வாந்தி எடுத்தார். அவருக்கு டீயில் விஸ்கி கலந்து கொடுத்திருந்தார்களாம். வயிறு விஸ்கியை வைத்துக்கொண்டு டீயை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டது என்று ஒரு கதை உண்டு. ஜெயித்த பிறகு போலீஸ் பிடித்தது. புகழ் இரண்டு மடங்கானது.

போன தீபாவளிக்கு வந்த அக்கா மகன் கேட்டான்: "ஏன் மாமா, அலி, டைசன் தெரியுது, இப்ப இருக்கிற சாம்பியன் பேரு ஒண்ணுகூட வாயில வரலையே? அந்தக் காலத்து ஆளுங்கதான் நிஜ வீரர்களா?" அவனுக்கு 'சார்பட்டா பரம்பரை' படத்து டான்ஸிங் ரோஸ் அங்குலம் அங்குலமாகத் தெரியும். இல்லாத அந்த ஆளின் கால் அசைவு தெரிகிற அளவுக்கு, இருக்கிற உலக சாம்பியனின் முகம் தெரியாது. பையனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'நிஜ வீரர்கள்' என்ற இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலம் வீரத்தால் மட்டும் புகழ் பெற்றதல்ல. பிராடுகளின் உழைப்பும் அதில் சரிபாதி.

ஜாக் டெம்ப்சியை எடுத்துக்கொள்வோம். 1919இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அவர் மேனேஜர் ஜாக் கெர்ன்ஸ். டாக்டர் பட்டம் எதுவும் வாங்காமலே 'டாக்' என்று அழைக்கப்பட்டவர். 1923இல் கனடா எல்லையோரம் மொன்டானாவில் ஷெல்பி என்ற சின்ன ஊருக்கு எண்ணெய் கிடைத்த மிதப்பு. ஊர்ப் பெயர் பேப்பரில் வரட்டுமே என்று, உலக சாம்பியன் எங்கள் ஊரில் சண்டை போட்டால் இரண்டு லட்சம் டாலர் தருகிறோம் என்று சும்மா ஒரு தந்தி அடித்தார்கள். பதில் வராது என்பது நம்பிக்கை. தந்தி கெர்ன்ஸ் கையில் கிடைத்தது. மூன்று லட்சம், மூன்று தவணை என்று பதில் போட்டார்.

கல்யாணம் நிச்சயமான பிறகு சீர்வரிசைப் பட்டியலைப் பார்த்த பெண் வீட்டார் மாதிரி ஆனது ஷெல்பி. நாற்பதாயிரம் பேர் உட்கார மரத்தால் ஓர் அரங்கம் கட்டினார்கள். ஊர் ஜனத்தொகையைப் போல் அது பல மடங்கு. முதல் தவணை போனது. இரண்டாவதற்கு நாக்கு தள்ளியது. மூன்றாவதற்குப் பதிலாக ஆட்டு மந்தை தருகிறோம் என்று கெஞ்சினார்கள் என்றும், அத்தனை ஆட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கெர்ன்ஸ் எரிந்து விழுந்தார் என்றும் சொல்வார்கள். சண்டை உண்டு, இல்லை, உண்டு என்று தினம் ஒரு செய்தி வந்ததில் வெளியூர் ஸ்பெஷல் ரயில்கள் ரத்தாயின. ஜூலை 4 அன்று காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் 7,702 பேர். மற்றவர்கள் வேலி தாண்டி வந்தார்கள். டாமி கிப்பன்ஸ் 15 ரவுண்டும் விழாமல் நின்று தோற்றார். கூலியாக அவருக்குக் கிடைத்தது அனுபவம். கெர்ன்ஸ் வசூலை மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார். அப்புறம் அந்த வட்டாரத்து வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. வங்கியில் பணம் போட்டவன் சாகும்வரை டெம்ப்சி பெயரை மறப்பானா?

இரண்டே மாதம் கழித்து நியூயார்க்கில் அர்ஜென்டினாவின் லூயிஸ் ஃபிர்போ. முதல் ரவுண்டிலேயே டெம்ப்சி அவரை ஏழு முறை கீழே தள்ளினார். அதே ரவுண்டில் ஃபிர்போ விட்ட ஒரு குத்தில் சாம்பியன் கயிற்றுக்கு வெளியே பறந்து, பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் போய் விழுந்தார். அவர்கள்தான் பிடித்து மறுபடி மேலே ஏற்றிவிட்டார்கள். அடுத்த ரவுண்டில் ஃபிர்போ அவுட். பத்திரிகைகள் டெம்ப்சியைத் தூக்கிவிட்டன என்று யாராவது எழுதினால், அதில் உவமை எதுவும் இல்லை.

டெம்ப்சியின் பட்டத்தைப் பறித்த ஜீன் டன்னி ஷேக்ஸ்பியர் படிப்பவர், பெர்னார்ட் ஷாவின் நண்பர். ரசிகர்களுக்கு இது கொஞ்சம் அஜீரணம். 1927இல் சிகாகோவில் இருவரும் மறுபடி மோதியபோது கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. டன்னிக்கு வந்த கூலி 9,90,445 டாலர். அவர் தன் கையிலிருந்து 9,555 டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்து, பத்து லட்சத்துக்கு ஒரே செக்காக வாங்கிக்கொண்டார். மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற நமக்கு இந்த மனசு புரியும்.

அப்போதெல்லாம் எடைப்பிரிவு எட்டுதான். பிரிவுக்கு ஒரு சாம்பியன், ஆக உலகத்தில் எட்டு ராஜா. முருகனுக்கு ஆறு முகம் இருப்பதால் எண்ணி நினைவில் வைக்க முடிகிறது பாருங்கள், அந்த மாதிரி. 1938இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே சமயத்தில் மூன்று பட்டம் வைத்திருந்தார் என்றால், எட்டில் மூன்று.

சண்டையும் ஓயாது. 1943 பிப்ரவரி 5 அன்று சுகர் ரே ராபின்சன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்றார், ஜேக் லமோட்டாவிடம். இன்றைய சாம்பியன் தோற்றால் ஒரு வருடம் தியானம், புதுப் பயிற்சியாளர், ஆவணப்படம். ராபின்சன் அதே மாதம் 19ஆம் தேதி வேறொருவரை அடித்தார். 26ஆம் தேதி லமோட்டாவையே மறுபடி கூப்பிட்டு ஜெயித்தார். அடுத்த நாள் ராணுவத்தில் சேர்ந்தார். ஆகமொத்தம் சுமார் 200 சண்டை. பேப்பரைத் திறந்தால் அந்த முகம். மறக்க நினைத்தாலும் நடக்காது.

ஜோ லூயிஸ் 1938இல் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடியில் சாய்த்ததை அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் ரேடியோவில் கேட்டார்கள். ரேடியோ திருகும் நேரம் தாமதமானவர்களுக்கு வெறும் கைதட்டல்தான் கேட்டிருக்கும். ஆனால் காசு கேட்கவில்லை. பிறகு டிவி வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஜில்லெட் பிளேடு கம்பெனி செலவில் குத்துச்சண்டை. முகச்சவரம் செய்கிற நாட்டுக்கே சாம்பியனின் மூக்கு எந்தப் பக்கம் கோணல் என்று மனப்பாடம்.

அலி காலத்தில் பெரிய சண்டைகளைத் தியேட்டரில் டிக்கெட் வாங்கித்தான் பார்க்கவேண்டியிருந்தது, உண்மை. ஆனால் 1978இல் அலி, லியான் ஸ்பிங்க்ஸிடமிருந்து பட்டத்தை மீட்ட சண்டை ஏபிசி டிவியில் இலவசம். அதோடு அலி வாயைத் திறந்தால் அதற்குத் தனி டிக்கெட் கிடையாது. 1971இல் ஃப்ரேஸியரோடு மோதியபோது மேடையோரம் உட்கார ஃபிராங்க் சினாட்ராவே 'லைஃப்' பத்திரிகைக்குப் படமெடுப்பவராகக் கழுத்தில் கேமராவோடு வந்தார். 1974இல் ஜெயிலிலிருந்து வந்து மூன்றே வருடமான டான் கிங், ஆளுக்கு ஐம்பது லட்சம் டாலர் தருவதாக அலியிடமும் ஃபோர்மனிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, அப்புறம் பணத்தைத் தேடினார். ஜயர் சர்வாதிகாரி மொபுட்டு கொடுத்தார். ஏழை நாட்டுக் கஜானா, விடிகாலை நான்கு மணிச் சண்டை, அமெரிக்கத் தியேட்டர்களுக்குத் தோதான நேரம். கெர்ன்ஸ் ஓர் ஊரைக் கறந்தார். தொழில் வளர்ந்து நாட்டைக் கறக்கும் நிலைக்கு வந்திருந்தது. ஆனால் கறந்த பால் ஊர் பார்க்க ஊற்றப்பட்டது.

1980இல் அதே அலி சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரும் அலியும் ஒரே படத்தில். வடசென்னையில் குத்துச்சண்டை சொல்லித்தருபவருக்குப் பெயர் வாத்தியார், எம்.ஜி.ஆருக்கும் அதே பெயர். இரண்டு வாத்தியாரும் கைகுலுக்கியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லி டீ வாங்கிக் குடிக்கிறார்கள்.

சரி, சிம்மாசனத்துக்கு என்ன ஆனது? கட்சி உடைந்தது. இதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டபிள்யூபிஏ என்று ஒரு சங்கம். 1963இல் டபிள்யூபிசி. டபிள்யூபிஏ தலைவர் தேர்தலில் தோற்ற ஒருவர் வெளியே வந்து ஆரம்பித்தது ஐபிஎஃப், 1983. இன்னொரு கோஷ்டி மாநாட்டில் வெளிநடப்பு செய்து டபிள்யூபிஓ, 1988. இதற்குள் எடைப்பிரிவு எட்டிலிருந்து பதினேழாகிவிட்டது. பதினேழை நான்கால் பெருக்கினால் 68 உலக சாம்பியன். அதோடு நின்றதா? சூப்பர் சாம்பியன், ரெகுலர் சாம்பியன், இடைக்கால சாம்பியன், ஃபிரான்சைஸ் சாம்பியன். துணைச் செயலாளர், இணைச் செயலாளர், அமைப்புச் செயலாளர் என்று ஆளுக்கொரு லெட்டர்பேடு. ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் சங்கத்துக்குக் கட்டணம் உண்டு என்பதால், பெல்ட் பெருகப் பெருக கல்லா நிறையும்.

இந்தச் சங்கங்களின் கண்காணிப்பு எப்படி? டேரின் மோரிஸ் என்ற வீரர் 2000 அக்டோபரில் இறந்துபோனார். டபிள்யூபிஓ தரவரிசையில் அப்போது ஏழாமிடம். அதன் பிறகு ஆறாமிடத்துக்கு உயர்ந்தார். பிறகு ஐந்து. 2001 பிப்ரவரியில்தான் யாரோ கவனித்துச் சொன்னார்கள். ஒரு தோல்விகூட இல்லாமல் முன்னேறிக்கொண்டிருந்த மனிதரை அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

1992இல் ரிடிக் போ, லண்டனில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். டெம்ப்சி காலத்தில் பட்டத்துக்காக ஊர் விற்றார்கள். 2024 மே மாதம் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், ரியாத்தில் டைசன் ஃபியூரியை ஜெயித்து நான்கு பெல்ட்டையும் ஒன்றாக்கினார். மறுப்பில்லாத ஒரே ராஜா என்ற இடம் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு, 1999லிருந்து, ஹெவிவெயிட்டில் யாருக்கும் வாய்க்காதது. அரியணை மறுபடி ஒன்றானதே என்று நிமிர்ந்து உட்காருவதற்குள், அடுத்த மாதம் ஒரு விதியைக் காட்டி ஐபிஎஃப் பெல்ட் கைமாறியது. டேனியல் டுபுவா உசிக்கை ஜெயிக்காமலே, அலுவலகக் கடிதத்தின் பலத்தில் உலக சாம்பியன். உசிக் 2025 ஜூலையில் அவரை அடித்து மறுபடி நான்கையும் எடுத்தார். நவம்பரில் ஒன்றை விட்டுக்கொடுத்தார். வீரத்தில் இந்த மனிதர் எந்தப் பழையவருக்கும் சளைத்தவரில்லை என்பது என் கட்சி. ஆனால் அவரிடம் இன்று எத்தனை பெல்ட் என்று தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் பார்க்கவேண்டியிருந்தால் அக்கா மகன் என்ன செய்வான்?

பார்க்கலாம் என்றாலும் கதவில் பூட்டு. மேவெதரும் பாக்கியாவும் மோத வேண்டும் என்று உலகம் 2010 வாக்கிலேயே கேட்டது. ரத்தப் பரிசோதனை, பங்கு, டிவி கம்பெனி என்று இழுத்து 2015இல் மோதியபோது ஒருவருக்கு வயது 38, மற்றவருக்கு 36. வீட்டில் பார்க்கக் கட்டணம் கிட்டத்தட்ட நூறு டாலர். அமெரிக்காவில் 46 லட்சம் வீடுகள் கட்டின. கிடைத்தது முப்பத்தாறு நிமிடத் தழுவல். பாக்கியாவுக்குத் தோள்பட்டையில் காயம் என்ற செய்தி பணம் கட்டி முடித்த பிறகு வந்தது. கெர்ன்ஸ் இருந்திருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்.

2024 நவம்பரில் டெக்சாஸில் ஓர் இரவு. கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் நிஜமான உலகப் பட்டத்துக்காக, ரத்தம் வழிய வழிய, பத்து ரவுண்டு மோதினார்கள். அதை அடுத்து 58 வயது மைக் டைசனும் யூடியூபில் பெயர் வாங்கிய ஜேக் பாலும். பட்டம் எதுவும் கிடையாது. மாதச் சந்தா கட்டியவர்களுக்குத் தனிக் கட்டணமும் கிடையாது. ஆறு கோடி வீடுகள் நேரலையில் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. மறுநாள் அக்கா மகனும் போன் போட்டான், டெய்லரைப் பற்றிப் பேச அல்ல. இரண்டே நிமிட ரவுண்டுகள் எட்டு, டைசன் தோற்றார். முக்கால்வாசி நேரம் தன் கையுறையையே கடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, கடிக்கிற பழக்கம் என்றார். 1997இல் இதே டைசனால் ஹோலிஃபீல்டின் காதுக்கு நேர்ந்ததை உலகமே பார்த்திருந்ததால், எதிரே நின்ற பையன் கடைசிவரை தலையைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தான்.