திறந்து வைத்தவர்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வேலை மும்முரமாக நடக்கும். பேரூராட்சி ஆட்கள் ஏணி, பசைவாளி, பழைய செய்தித்தாள், வெள்ளைத் துணி சகிதம் புறப்படுவார்கள். நிழற்குடை, மேல்நிலைத் தொட்டி, சமுதாயக்கூடம், ரேஷன் கடை, சுடுகாட்டுத் தகனமேடை என்று எங்கெல்லாம் ஒரு தலைவரின் பெயர் கல்லில் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டி மூடுவார்கள். நடத்தை விதி! அந்த வாரம் சேலத்தில் பேருந்து ஏறி ராசிபுரம் வழியாக நாமக்கல் போனால், இரண்டு மாவட்டமும் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும்.

பெயர்கள் மறைந்த பிறகுதான் தெரிகிறது, நாம் கல்லில் எழுதி வைத்த வரலாறு கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று.

இந்தக் கல்வெட்டுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்து. மேலே ‘மாண்புமிகு’, அதற்குக் கீழே ‘தலைமை’, அதற்குக் கீழே ‘முன்னிலை’, இன்னும் கீழே ‘வரவேற்புரை’, ‘நன்றியுரை’. மதிப்பீடு இத்தனை லட்சம். தொட்டி கட்டிய கொத்தனாரின் பெயர் இருக்காது. அவர் அப்படி என்ன செய்துவிட்டார், தொட்டியைக் கட்டினார், அவ்வளவுதானே? திறந்து வைத்தவர் அல்லவா வெயிலில் கார் கதவைத் திறந்து இறங்கி, நாலு அடி நடந்து, நாடாவை வெட்டியவர்! தொட்டியில் தண்ணீர் வருமா என்பது கல்வெட்டின் பாடத்திட்டத்தில் இல்லை.

இதே மண்ணில் கல்லில் எழுத வேறு முறை இருந்தது. தகடூர் நாட்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் நிற்கிற நடுகற்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் பெயரும் ஊரும் அதில் வரும். வில்லும் வாளுமாக அவன் உருவம் வரும். அரசன், இது எத்தனையாவது ஆட்சியாண்டு என்று காலம் குறிப்பதற்கு மட்டும் வருவான். செத்தவனுக்குக் கல், ஆள்பவனுக்கு ஒரு வரி. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் நாம் கண்ட வளர்ச்சி, செத்தவனைச் செதுக்கி எடுத்துவிட்டு அந்த ஒரு வரியைக் கல் முழுக்கப் பரப்பியதுதான்.

அடிக்கல் தனி ஜாதி. சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது 1970-ல். உற்பத்தி தொடங்கியது 1981-ல். இடையில் 11 ஆண்டுகள் அந்தக் கல்லே உருக்காலை. 2019-ல் ஆலையை வாங்க ஆள் உண்டா என்று ஒன்றிய அரசு கேட்டுப் பார்த்தது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் கொடுத்தது வெறும் நிலம்.

சரி, பழையதைக் காப்பாற்றுகிற லட்சணத்தைப் பார்க்கலாம். சேலம் - ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய நிறுவனம். சென்னையில் இருந்தால்தான் சினிமா என்ற எண்ணத்தை உடைத்து, ஒரே சுற்றுச்சுவருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய இடம். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938-ல் இங்கிருந்து போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் இங்கிருந்து வந்தது. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ 1950-ல். இன்று வளைவு இருக்கிறது. வளைவுக்குள் நுழைந்தால் இருந்த ஸ்டுடியோ இல்லை, குடியிருப்புகள் இருக்கின்றன. ‘பாலன்’ படத்துக்குப் பார்ப்பதற்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. தமிழ்நாட்டின் முதலமைச்சர்கள் பலர் சினிமாவில் இருந்து வந்தவர்கள். அந்தச் சினிமாவின் பழைய சுருள்களைக் குளிர்ந்த அறையில் வைத்துக் காப்பாற்ற, பேருக்காவது ஓர் அரசுக் காப்பகத்தை அவர்களில் யாராவது இந்த ஊருக்குக் கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பதிலாக என்ன நடந்தது? 2023 கடைசியில் அந்த வளைவு திடீரென்று செய்தியானது. அங்கே கருணாநிதிக்குச் சிலை வைக்க இடம் கேட்டு நெருக்குகிறார்கள் என்றது உரிமையாளர் தரப்பு. அப்படி ஒன்றும் இல்லை என்றது அரசு. வளைவு நிற்கிற இடம் தனக்குச் சொந்தமானது என்றது நெடுஞ்சாலைத் துறை. ஸ்டுடியோ மூடிக் கிடந்த காலமெல்லாம் அந்த வழியாகத் தார் ஊற்றிக்கொண்டு போன துறைக்கு, அப்போதுதான் அளவுநாடா கிடைத்தது! கருணாநிதிக்கு அந்த ஸ்டுடியோவோடு உள்ள உறவு யாரும் மறுக்க முடியாதது. எழுத்துக்காரருக்குச் செய்கிற மரியாதை அவர் எழுதிய படத்தைப் பத்திரப்படுத்துவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெண்கலம் என்றால்தான் இவர்களுக்கு ஞாபகசக்தி வேலை செய்யும். எதிர்க்கட்சிக்கு அன்றைக்கு வளைவின் மேல் பொங்கிய பாசத்தையும் பார்த்தோம். அவர்கள் ஆண்டபோது அந்தப் பாசம் எங்கே வாடகைக்குக் குடியிருந்ததோ.

சேலத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. அதை மட்டும் எந்தக் கட்சியும் கல்லில் அடிக்காது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போதைய சேலம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்து. நல்லதோ கெட்டதோ, வரலாறு. பலகை வைக்கச் செலவுகூட இல்லை. பச்சைப் பலகைகள் ஏற்கெனவே ஊருக்கு ஊர் தொங்குகின்றன, ‘மதுவிலக்கு முதலில் அமலான மாவட்டம் தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று கடைப் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். இதில் பொய்யும் இல்லை. டாஸ்மாக் கடை நடக்கிற விதிகளே அந்த 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவைதான். குடிக்கக் கூடாது என்ற சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குடிக்க ஊற்றுகிற அரசுக்கு, நினைவுச்சின்னம் தனியாக எதற்கு?

பலகை வைக்கவே நீதிமன்றம் போக வேண்டியிருந்த கதையும் இங்கேதான். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில். உள்ளே இருப்பது புத்தர் என்று 2011-ல் வழக்கு. தொல்லியல் துறையினர் மஞ்சளும் விபூதியும் துடைத்துப் பார்த்தார்கள். அர்த்தபத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இது புத்தர் சிலை, தொல்லியல் துறை பொறுப்பெடுத்து அப்படியே பலகை வைக்கட்டும், பூசை வேண்டாம் என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்பதில் எனக்குத் தெளிவு உண்டு. கிடா வெட்டிப் பொங்கல் வைத்தவர்கள்மேல் அல்ல. துண்டான தலையை ஒட்டவைத்து, சாமி என்று பேர் கொடுத்து, கூரை போட்டு அந்தக் கல்லை இத்தனை காலம் காத்தது அவர்கள்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு காக்க வேண்டியவர்களுக்கு ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

துறைப் பலகைகள் எழுதுகிற அழகையும் சொல்ல வேண்டும். நாமக்கல் மலைக்கோட்டை, சங்ககிரி மலைக்கோட்டை போல ஒன்றிய அரசின் தொல்லியல் துறை காக்கிற இடங்களின் வாசலில் நீலப் பலகை இருக்கும். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் இத்தனை சிறை, இத்தனை அபராதம். அதாவது, இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைவிட, உனக்கு என்ன நடக்கும் என்பதுதான் முக்கியம்.

சிறை என்றதும் எனக்கு வேடிக்கை எல்லாம் வடிந்துவிடுகிறது.

1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகி 16 நாள் ஆகியிருந்தது. அரசியல் சட்டத்தின் மை காயவில்லை என்று எழுதினால் மிகை இல்லை. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் தங்களைக் கிரிமினல் கைதிகளாக நடத்துவதை எதிர்த்தார்கள். தடியடி, பிறகு துப்பாக்கி. 22 பேர் செத்தார்கள், பலர் காயப்பட்டார்கள். ஓடித் தப்பிக்க அவர்களுக்கு வெளியும் இல்லை. பூட்டு அரசின் கையில், தோட்டாவும் அரசின் கையில். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள். காவும்பாயி நிலப் போராட்டத்தில் பிடிபட்டவர்களும் அதில் உண்டு. கண்ணூர்ப் பக்கக் கிராமங்களில் ‘சேலம்’ என்றால் மாம்பழம் ஞாபகத்துக்கு வராத வீடுகள் இருக்கின்றன. சேலத்திலோ, சிறை மதிலை ஒட்டி டீ குடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். “துப்பாக்கிச் சூடா? இங்கயா? எந்தப் படத்துலங்ணா?”

பிப்ரவரி 11 வந்தால் செங்கொடிக்காரர்கள் கூடுகிறார்கள். அது செத்தவர்களின் தோழர்கள் செய்வது. சுட்டவர் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘இங்கே நாங்கள் 22 பேரைச் சுட்டுக் கொன்றோம்’ என்று எழுத ஒரு கல் போதும். எழுவாய் ‘நாங்கள்’ என்று வர வேண்டும் என்பதால்தான் அந்தக் கல் கிடைப்பதில்லை. இந்தக் கல்லுக்குத் திறப்பாளராக எந்த மாண்புமிகு வருவார்? அன்று ஆண்டது காங்கிரஸ், நாங்கள் இல்லை என்று பின்னால் வந்த இரண்டு கழகங்களும் சொல்லலாம். தாராளமாகச் சொல்லட்டும். பிறகு ஏன் எழுதவில்லை?

ஆடி 18-க்கு சங்ககிரி வாருங்கள், அங்கே ஞாபகத்துக்குப் பஞ்சமே கிடையாது. தீரன் சின்னமலையை வெள்ளைக்காரன் 1805-ல் தூக்கிலிட்ட இடம். வெள்ளையனை எதிர்த்து ஒருவன் செத்ததற்கு மரியாதை செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு நடப்பது வேறு. கட்சிவாரியாக, அமைப்புவாரியாக, நேரம் ஒதுக்கி மாலை. காவல் துறைதான் சரித்திர ஆசிரியர், கையில் அட்டவணை. கார்க் கண்ணாடியில் ஒட்டிய படத்தில் சின்னமலை சிறிதாகவும், ஒட்டியவர் பெரிதாகவும் இருப்பார்கள். அவன் படையில் நின்ற அருந்ததியர் வீரன் பொல்லானின் பெயரை அந்தக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இருநூறு ஆண்டு தாமதமாகத்தான் அவனுக்கு மண்டபம் என்ற பேச்சே எழுந்தது.

அங்கிருந்து திருச்செங்கோடு பக்கம்தான். 2015 ஜூன் மாதம், மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயிலில், உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் வாசலில், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞனை அழைத்துப் போனார்கள். பொறியியல் படித்தவன். பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டாகக் கிடந்தான். 2022-ல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்தது. முதல் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை, 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் ஒரு சாதி அமைப்பின் தலைவர். அந்த அமைப்பு சூடிக்கொண்ட பெயர், தீரன் சின்னமலையின் பெயர். தூக்கில் தொங்கியவனை இதைவிட அவமானப்படுத்த வெள்ளைக்காரனுக்கும் தெரியாது.

கல் நடுகிற விஷயத்தில் அமெரிக்காவின் தென்மாநிலச் சிற்றூர்களும் நம் சங்காத்தம்தான். அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட படைவீரனுக்கு நீதிமன்ற வாசலிலேயே சிலை வைத்து, அதைப் பாரம்பரியம் என்று கும்பிட்ட ஊர்கள் அவை. ஆனால் அலபாமாவின் மான்ட்கோமெரியில் 2018-ல் இன்னொன்றையும் திறந்தார்கள். வெள்ளைக் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பர்களுக்கான நினைவிடம். கொலை நடந்த மாவட்டத்துக்கு ஒன்று என்று 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள். ஒவ்வொன்றிலும் மாவட்டத்தின் பெயர், அதற்குக் கீழே கொல்லப்பட்டவர்களின் பெயர். ஒவ்வொரு தூணுக்கும் ஓர் இரட்டை செய்து வெளியே கிடத்தி வைத்திருக்கிறார்கள். அந்தந்த மாவட்டம் ஒப்புக்கொண்டு வாங்கிப் போய்த் தன் ஊரில் நட வேண்டும் என்பது ஏற்பாடு.

நாமக்கல் மாவட்டத்துக்கு என்று ஒரு தூண் வந்தால் எந்தத் துறை கையெழுத்துப் போட்டு இறக்கும்? நெடுஞ்சாலைத் துறை, இடம் தன்னுடையது என்று அளக்கும். அறநிலையத் துறை, மலைக்குக் கீழே என்றால்கூட ஆகமம் பேசும். காவல் துறை சட்டம் ஒழுங்கு என்று ஒரு பக்கத்துக்கு எழுதும். கடைசியில் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். அந்த அலுவலகத்துக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. 2015 ஜனவரி 12-ஆம் தேதி, இதே திருச்செங்கோட்டை வைத்து எழுதிய ‘மாதொருபாகன்’ நாவலுக்காகப் பெருமாள்முருகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியது அங்கேதான். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் வீட்டுக்குப் போய் எழுதினார். மறுபடி எழுதலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆனது. நடைமுறை, காகிதம், மேஜை எல்லாம் தயாராக இருக்கின்றன. தூணை வெட்டிச் சாய்த்தவரையும் கொலை செய்தவரின் படத்துக்கு மாலை போட்டவரையும் விட்டுவிட்டு, தூண் கேட்டவரை முதலில் கூப்பிடுவார்கள். வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட.