ஒரு பாடம், ஐந்து கிடங்கு

சேந்தமங்கலத்து அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஒளிச்சேர்க்கைக்கு அருமையான அசைபடம் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போடுவது? 2013-இல் மத்திய அரசு திறந்த கல்வி வளங்களுக்கென்றே ‘என்.ஆர்.ஓ.இ.ஆர்.’ களஞ்சியத்தைத் திறந்தது. 2017-இல் ‘தீக்ஷா’ தளம். 2018-இல் நம் பாடநூல்களுக்குள் கியூஆர் கட்டம், 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் ‘மணற்கேணி’ செயலி. பக்கத்துக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான். அவனிடம் யாரும் ஓடிபி கேட்கவில்லை.

வாத்தியாரிடம் வகுப்பு, அலகு, கற்றல் விளைவு, உரிமம் என்று வரிசையாகக் கேட்பார்கள். இதில் உரிமம்தான் உயிர். இன்னொருவர் எடுத்துத் திருத்திக்கொள்ளலாமா என்று சொல்வது அதுதான். பார்க்க மட்டும் விடுகிற இடம் களஞ்சியமல்ல, கண்காட்சி. ஆனால் இந்த விவரங்களை நிரப்ப உட்காரும்போது, பள்ளித் தரவுகளை ஏற்றும் ‘எமிஸ்’ பதிவு குறுக்கே வந்து நிற்கும்.

ஆகவே வாட்ஸ்அப் குழு. தேடினால் கிடைக்காது, செய்தவர் பெயர் தங்காது. ஆனாலும் ராசிபுரம், நாமக்கல் எல்லாம் சுற்றி, ரெட்டை அம்புக்குறியோடு அவருக்கே வந்து சேரும்: ‘அவசியம் பாருங்க சார், யாரோ நல்லா செஞ்சிருக்காங்க.’