சமப் பங்கீடும் செங் ஹேயும்: பேரப்பிள்ளைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நூதனசாலைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தாத்தாமார் பற்றிய ஆய்வுத்துறை வளராமல் போனதற்குக் காரணம் எளிது. பட்டத்துக்கு ஆய்வு செய்யும் வயதில் பேரன் இருப்பதில்லை. பேரன் வந்த பிறகு பட்டம் எதற்கு?

இவ்வாய்வின் கருதுகோள் பின்வருமாறு: ஒரே பொருளை, ஒரே அளவில், ஒரே நேரத்தில் மூன்று பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் சண்டை வரும். முதற்கட்டக் களப்பணி மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரதத் திருவிழாவில் நடந்தது. வாங்கிய மூன்று பலூனும் சிவப்பு. ‘அவனோடதுதான் நல்ல சிவப்பு’ என்று சின்னவள் அழுதாள். தரவு வலுவானதுதான், ஆனால் வரலாற்றுச் சான்று வேண்டுமே. ஆகவே விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்பட்டோம்.

1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையில் நாங்கள் தேடிப்போனது சீனக் கல். வழியில் கண்டி அரசரின் சிம்மாசனம் மறித்துக்கொண்டது. இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்த ஆசனம் என்றேன். ‘உக்காரலாமா தாத்தா?’ என்றான் நடுவுள்ளவன். கூடாது என்றதும் சிம்மாசனம் பற்றிய அவனது அக்கறை முடிந்துவிட்டது. பெரும்பாலான அரசியலும் இப்படித்தான்.

கல்லுக்கு வருவோம். மிங் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே சீனாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது; பொறித்த ஆண்டு 1409. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்து கீழே பார்க்கக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். உச்சியில் இரண்டு டிராகன்கள். பிள்ளைகள் டிராகனோடு நின்றுவிட்டார்கள். மூத்தவள் மட்டும் தமிழைத் தேடினாள். காட்டினேன். ‘இதுவா தமிழ்? எங்க டீச்சர் இப்பிடி எழுதினா நாங்களே திருத்துவோம்’ என்றாள்.

இனித்தான் ஆய்வின் உயிர்நாடி. கல்லில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயினார் என்னும் விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, நறுமண எண்ணெய். வாசிக்க முடிந்தவரை பட்டியல்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு மொழிக்காரருக்கு மற்றவர் பங்கு தெரியாது. எல்லாம் தன் சாமிக்கே என்று ஒவ்வொருவரும் நிம்மதியாக வீடு போகலாம். இந்த மனிதருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

வெளியே ஆலமரத்தடியில் முறையைப் பரிசோதித்தேன். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, ‘உனக்கு மட்டுந்தான், வாயைத் திறக்காதே’ என்று ஆளுக்கொரு சொக்லட். மூவரும் மரத்தின் மூன்று பக்கமும் நின்று, அவரவர் இரகசியத்தைச் சத்தமில்லாமல் தின்றார்கள். சண்டை வரவில்லை! கருதுகோள் கவிழ்ந்ததில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

ஆயினும் செங் ஹேயின் கதை காணிக்கையோடு முடியவில்லை. கல் பொறித்து இரண்டே ஆண்டுகளில் இங்குள்ள அதிகாரம் மிக்க அழகக்கோனாருடன் போர் மூண்டு, அவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்கே கொண்டுபோனார்கள். தெய்வங்களுக்குள் பங்குச் சண்டை வந்ததாகத் தகவல் இல்லை. சண்டைக்கு வந்தவர் பட்டியலில் இல்லாதவர். வரலாற்றாசிரியர்கள் வேறு காரணங்கள் சொல்வார்கள். அவர்கள் ஆலமரத்தடியில் நிற்காதவர்கள்.

பைகளுக்குக் காவலாக வாங்கில் உட்கார்ந்திருந்த என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

‘ஏங்க, எனக்குப் பல்லு இல்லியா?’

அடுத்தகட்டக் களப்பணி யாப்பகூவாவில். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட சீன நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. பயணச் செலவுக்கான நிதி மேற்படி வாங்கில் இருந்தவரின் கைப்பையில் உள்ளது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.