நீங்க எந்தப் பங்கு?

எழுபதுகளில் லஸ் காட்டுக்கோயில் பக்கம் குடியிருந்தபோது, பங்கில், அதாவது அந்தக் கோயிலின் கீழ் வரும் கத்தோலிக்க வட்டாரத்தில், எங்கள் பெயரை யாரும் போய்ப் பதிந்ததாகத் தெரியவில்லை. சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாருக்கு மனப்பாடம், அவ்வளவுதான். மாதம் பிறந்தால் குடையும் நீள நோட்டுமாகத் திண்ணையில் வந்து உட்காருவார். சந்தா ஒரு ரூபாய், காப்பி தனி. நோட்டைப் பிரிக்காமலே ஆரம்பிப்பார்: "சின்னவனுக்குப் புதுநன்மை இந்த வருஷம்தானேம்மா? ஐயா இன்னும் பாஸ்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணலை போலிருக்கே?" அப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம். தெரியாதவர்களும் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் 'எந்தப் பங்கு' என்ற கேள்வியே பழைய வில்லங்கம். 1606இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துக்கல் அரசரின் ஆதரவில் இருந்தது. ரோமின் நேரடி அதிகாரத்தில் இருந்த குருக்கள் மதராஸில் தனியாக ஒரு நிர்வாகம் நடத்தினார்கள். ஒரே நகரத்தில் இரண்டு மந்தை; எது யாருடைய ஆடு என்பதில் தகராறு. 1952இல்தான் இரண்டையும் இணைத்துச் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆக்கினார்கள்.

நாங்கள் பிற்காலத்தில் லஸ்ஸிலிருந்து அடையாறு பக்கம் ஃபிளாட்டுக்கு வந்தோம். பங்கு அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். குடும்ப போட்டோ, ஆதார் நகல், திருமுழுக்குச் சான்றிதழ், பழைய பங்குத்தந்தையின் கடிதம், ரத்த வகை. கடைசியில், பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் தலைவர் கையெழுத்து.

"அவர் யாருங்க?"

"அன்பிய வாட்ஸாப் குரூப்ல இருப்பாரு சார்."

"குரூப்ல எப்படிச் சேர்றது?"

"பதிவு பண்ணிட்டா சேர்த்துடுவாங்க."

விசாரித்ததில் அவர் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடி. லிஃப்டில் தினமும் எனக்கு குட்மார்னிங் சொல்பவர். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள் என்பது இரண்டு பேருக்குமே அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகும் ஞாயிறன்று அவர் சாந்தோம் பேராலயத்துக்குப் போகிறார், நாங்கள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு. பங்கில் எங்கள் அட்டைகள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இத்தனைக்கும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் படிவம் என்ற பேச்சே கிடையாது. நிலையாக இருக்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லைக்குள் குடிவந்தாலே அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தை. எண்ணம் இல்லாவிட்டாலும் ஐந்து வருடம் முழுதாகத் தங்கினால் போதும். 102, 107ஆம் விதிகள். அலுவலகத்தில் இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. மகளின் கல்யாணத்துக்குக் கடிதம் அந்த மேஜையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே புதிதாக வீடு மாறுகிறவர்கள், கேஸ் இணைப்பை மாற்றும் வாரத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் சந்தா பாக்கியோடு வந்து நிற்பவர்களை மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்.