எலும்பு மேட்டைப் படம் பிடித்த கேப்டன்

1790களில் அமராவதி ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடுவுக்கு ஊர் கட்டக் கல் தேவைப்பட்டது. பக்கத்தில் ஒரு மேடு. தோண்டினால் சிற்பப் பலகைகளாக வருகின்றன. பௌத்தர்கள் எலும்பைப் புதைத்து எழுப்பிய, ஏறக்குறைய இரண்டாயிரம் வருட ஸ்தூபம் அது. இருக்கட்டுமே, சுவருக்குக் கல் ஆயிற்றா இல்லையா?

பிறகு துரைகள் வந்தார்கள். மெக்கன்சி துரை படம் வரைய வைத்தார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டி, கற்களை மதராசுக்கு அனுப்பினார். ஏதென்சில் எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போனவற்றுக்கு ‘எல்ஜின் மார்பிள்ஸ்’ என்று பெயராம். இவருக்கு மட்டும் ஆசை இருக்காதா? ‘எலியட் மார்பிள்ஸ்’ பிறந்தது. கல் என்னவோ பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்.

பேர் வைத்தவர்கள் கூரை வைக்க மறந்தார்கள். மதராசில் வருடக்கணக்காக வெயிலும் மழையும் அந்தக் கற்களின் மேல்தான். மலேசியாவில் நம் நீலாய்த் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டை இப்படிப் போட்டிருந்தால் கிராணி அன்றைக்கே தண்டலின் சம்பளத்தில் கை வைத்திருப்பார்.

1858-இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் வந்தார். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். அந்த வருடம்தான் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 துண்டாகப் பிடித்து, ஒரே நீளப் படமாக ஒட்டியிருந்தார். பொறுமைசாலி. மதராசின் மே மாத வெயிலில், அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிக் கற்களைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். கல் அசையாது, கண் சிமிட்டாது, ‘எனக்கு ஒரு காப்பி’ என்று நச்சரிக்காது. நம் கேப்டன் வேலையை முடித்துவிட்டார்.

பரிசு கிடைத்தது. 1859-இல் வந்த கவர்னர் டிரெவெலியன் கணக்கைப் புரட்டினார். புகைப்படம் ஆடம்பரம் என்று கடையைச் சாத்தினார். அதே வருடம் 121 கற்கள் கப்பலேறின. லண்டனிலும் அதே கவனிப்பு: முதலில் படகுத்துறை, அப்புறம் வண்டிக் கொட்டகை. 1867-இல், பாரிஸ் கண்காட்சிக்கு இந்தியப் படங்களைத் திரட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் பெர்குசன் அவற்றை மறுபடி ‘கண்டுபிடித்தார்’. இந்த முறை மண்வெட்டி தேவைப்படவில்லை.

உடைத்தவர், அள்ளியவர், ஏற்றுமதி செய்தவர் யாருக்கும் நஷ்டமில்லை. ஒழுங்காக வேலை பார்த்தவருக்குத்தான் அந்த வேலை போனது.

அனுப்பாமல் மிஞ்சிய கற்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தி.நகரில் சேலை வாங்க விமானம் ஏறும் நீலாய்க்காரர்கள் ஒரு காலையை ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள்; விடுமுறை.