அந்த ஆளைப் பாத்து எழுதிராதல

ஏலே பேராண்டி, இங்க வா, இப்படி உக்காரு. ஊர் சுத்திட்டு வந்து பயணக் கட்டுரை எழுதப் போறியாம்லா? அதோட நிக்காம விஞ்ஞானத்தையும் சுவையா எழுதப் போறேன்னு உங்க அம்மைகிட்ட சொன்னியாம். நல்ல காரியம், எழுது. ஆனா பில் பிரைசன்னு ஒரு அமெரிக்காக்காரன் இருக்காம் பாரு, அவனைப் பாத்து மட்டும் எழுதிராத. உங்க அக்கா லைப்ரரியில எடுத்தாந்து வாசிச்சு அர்த்தம் சொல்லுவா, நான் வெத்தலைய இடிச்சிக்கிட்டே கேப்பேன். கேட்டவன் சொல்லுதேன், அவன் வழி உனக்கு ஒத்து வராது. நீ கௌரவமான பய.

அவன் கதையைக் கேளு. 1973-ல இங்கிலாந்து டோவர் கரையில ராத்திரி வந்து இறங்குதான். இருபத்திரெண்டு வயசுகூட நிறையாத பயல். ஒரே மூடுபனி, தங்குத விடுதியெல்லாம் பூட்டிக் கெடக்கு. கடக்கரை ஓரமா ஒரு கொட்டகையில முடங்குதான். குளிர் தாங்கல. பையில கெடந்த துணியையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டுதான். தலைக்கு ஒண்ணும் இல்லியா, உள்ளாடைய எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டான். விடியக்காலம் நாயைக் கூட்டிக்கிட்டு ஒரு மனுசன் வாராரு. தலையில கெடக்குததை மறந்துட்டு அவருகிட்ட மரியாதையாப் பேசிக்கிட்டு நிக்கான்!

இதைப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலாமால? இவன் என்னடான்னா 1995-ல 'நோட்ஸ் ஃப்ரம் எ ஸ்மால் ஐலண்ட்'ங்கிற புத்தகத்துக்கு ஆரம்பமே இதைத்தான் வச்சான். அந்த இங்கிலாந்துக்காரங்களுக்குப் புத்தி எங்க போச்சோ, அவங்க நாட்டை நல்லா எடுத்துக் காட்டுத புத்தகம் எதுன்னு 2003-ல ஓட்டுப் போடச் சொன்னப்போ, உள்ளாடைத் தொப்பிக்காரனுக்கே குத்திட்டாங்க. நீ போயிருந்தா, 'டோவரின் வெண்பாறைகள் அடியேனைக் கைநீட்டி வரவேற்றன'ன்னு தொடங்கியிருப்ப. ஒருத்தனும் ஓட்டுப் போட்டிருக்க மாட்டான். மானமாவது மிஞ்சியிருக்கும்.

எடுத்த எடுப்புலயே அவனுக்கு இந்தப் புத்தி வந்துரல, அதையும் சொல்லிருதேன். அய்யோவா மாநிலத்துல டெ மாயின்னு ஒரு ஊரு, அங்க பிறந்தவன். அப்பன் பேப்பர்ல விளையாட்டுச் சேதி எழுதுதவரு. சின்னப் பிள்ளையில அவரு குடும்பத்தைக் கார்ல ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போவாராம். அப்பன் செத்த பிற்பாடு, அதே மாதிரிச் சுத்திப் பாக்கணும்னு அம்மையோட காரை வாங்கிக்கிட்டு அமெரிக்காவுல 38 மாநிலம் ஓட்டிப் பாத்தான். 1989-ல வந்த புத்தகம் அது, 'த லாஸ்ட் கான்டினென்ட்'. சிரிப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா சின்ன ஊருக்காரன், குண்டுப் பொம்பளை, ஓட்டல்ல பரிமாறுத பிள்ளைன்னு கண்டவங்களை எல்லாம் ஒரு குத்துக் குத்திக்கிட்டே போறான். அக்கா வாசிக்கும்போது எனக்கே கொஞ்சம் கூசிச்சு. ஊரை நக்கலடிக்கணும்னா மொதல்ல தன் கன்னத்துல ரெண்டு போட்டுக்கிடணும், அந்த வரி கட்டினவனுக்குத்தான் மத்தவனைச் சொல்ல உரிமை. அந்தப் புத்தகத்துல அவன் வரி பாக்கி வச்சிருக்கான். பின்னால வட்டியும் மொதலுமாக் கட்டிட்டான்னு வையி.

கட்டினது எங்க தெரியுமா? காட்டுல. ஜார்ஜியாவுல தொடங்கி மெய்ன் வரைக்கும் மலை மேலயே அப்பலேச்சியன் பாதைன்னு ஒண்ணு போவுது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். நாப்பத்தஞ்சு வயசை நெருங்கும்போது, தொந்தியோட, அதுல நடக்கப் போறேன்னு கெளம்புதான். மொதல்ல கடைக்குப் போயி முதுகுப்பை வாங்குதான். கொள்ளை விலை. வாங்கின பொறவு, மழைக்கு உறை வேணும்னா அது தனி விலைங்கான் கடைக்காரன். மழைத் தண்ணி புகுந்துரும்னா அம்புட்டு விலை எதுக்குன்னு இவன் முழிக்கான். அடுத்தால, கரடி மனுசனை எப்படிக் கடிச்சுதுன்னு ஒரு புத்தகம் வாங்கிப் படிச்சிட்டு ராத்தூக்கத்தையும் தொலைக்கான். துணைக்குப் பழைய கூட்டாளி ஒருத்தன் வாரான், புத்தகத்துல அவன் பேரு கட்ஸ். இவனைவிடப் பெருத்தவன். மொத நாளே ஏத்தத்துல மூச்சு வாங்கி, பாரம் தாங்காம, பையில இருந்த தீனிய எடுத்து எடுத்துக் காட்டுக்குள்ள வீசுதான். வாரக் கணக்குல திங்க வேண்டிய தீனில அது!

இதுல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு. நடையா நடந்து, கால் வெந்து, காட்லின்பர்க்ங்கிற ஊருல ஒரு கடைக்குள்ள நுழையுதாங்க. சுவத்துல பாதை முழுக்கப் போட்ட படம், மேலயிருந்து கீழ வரைக்கும் நீளமாத் தொங்குது. நாம எம்புட்டு வந்திருக்கோம்னு தடவிப் பாக்காங்க. ஆத்தாடி, அடியில ரெண்டு அங்குலம்! அங்கயே முடிவு பண்ணிட்டாங்க, முழுப் பாதையும் நடக்கது நம்ம சோலி இல்லன்னு. இடையில விட்டுட்டு வேற இடத்துல போயிச் சேந்துக்கிட்டாங்க. கடைசியில கணக்குப் போட்டுப் பாத்தா நடந்தது 1,400 கிலோமீட்டர் சொச்சம். நூத்துக்கு 39.5 பங்குன்னு தசமப் புள்ளியோட எழுதி வச்சிருக்கான், வெக்கங்கெட்டவன். 1998-ல புத்தகம் வந்துது. 2015-ல ராபர்ட் ரெட்ஃபோர்டு நடிச்சுப் படமாவும் ஆயிட்டு. பாதி தூரம்கூட நடக்காதவனுக்குச் சினிமா! நீ வெள்ளியங்கிரி ஏழு மலையும் முழுசா ஏறி இறங்கினவன், உனக்கு உள்ளூர்ச் சங்கத்துல ஒரு துண்டுகூடப் போடல.

ஆஸ்திரேலியாவுக்கும் போனான். அந்த நாட்டுப் பிரதமர் ஹெரால்டு ஹோல்ட், 1967 டிசம்பர்ல கடல்ல நீந்தப் போனவர் திரும்பவே இல்ல. பொணமும் கிடைக்கல. பொறவு அவரு ஞாபகமா ஊர்க்காரங்க எதுக்குப் பேரு வச்சாங்க தெரியுமா? நீச்சல் குளத்துக்கு! இவன் சும்மா சேதியச் சொல்லிட்டு நகந்துருதான். நீயா இருந்தா 'என்னே விதியின் விளையாட்டு'ன்னு ஒரு பத்தி தட்டிவிட்டிருப்ப.

சரி, விஞ்ஞானத்துக்கு வா. 2003-ல 'எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் நியர்லி எவ்ரிதிங்'னு ஒரு தடிப் புத்தகம் போட்டான். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது பாடப் புத்தகத்துல பூமியைக் கீறி உள்ளே காட்டுத படம் ஒண்ணைப் பாத்தானாம். நடுவுல நெருப்புக் குழம்பு. இவனுக்கு ஒரே கேள்விதான்: உள்ள போயிப் பாக்காம இது எப்படிய்யா தெரிஞ்சிச்சு? புத்தகத்துல பதில் இல்ல. வாத்தியாருக்கு அடங்கி வாயை மூடிக்கிட்டான். தலை நரைச்ச பொறவு அதே கேள்விய எடுத்துக்கிட்டு, மூணு வருசம் பெரிய பெரிய விஞ்ஞானிக வாசல்ல போயி நின்னு கேட்டிருக்கான். அதைக் கேக்க ஒரு கூச்சம் வேண்டாமா? நீ கேக்க மாட்ட. உனக்குத்தான் எல்லாம் செல்போன்லயே தெரியுமே.

அந்தப் புத்தகத்துல நம்ம பாண்டிச்சேரி வருது, தெரியுமால? லெ ஜென்டில்னு ஒரு பிரெஞ்சுக்காரன். சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே ஒரு பொட்டா நகந்து போவும். அதைப் பல ஊர்ல இருந்து நேரம் குறிச்சா, சூரியன் எம்புட்டுத் தூரத்துல இருக்குன்னு கணக்குப் போட்டுரலாம். எட்டு வருச இடைவெளியில ரெண்டு தடவை வரும், விட்டா நூறு வருசத்துக்கு மேல காத்துக் கெடக்கணும். 1761 ஜூன்ல வருதுன்னு, முந்தின வருசமே கப்பல் ஏறிட்டான் பாவி மனுசன். வந்து பாத்தா இங்கிலீசுக்காரன் பாண்டிச்சேரியப் பிடிச்சிக்கிட்டான். இறங்க வழியில்ல. அன்னைக்கு வானம் சுத்தமா இருக்கு, சுக்கிரனும் வாரான். ஆனா இவன் நிக்கது நடுக்கடல்ல, ஆடுத கப்பல்ல. ஆடுத பலகையில நின்னு குறிச்ச நேரம் எதுக்கு ஆவும்?

மனுசன் ஊருக்குத் திரும்பல. எட்டு வருசந்தானே, இருந்து பாத்துருவோம்னு இந்தப் பக்கத்துலயே சுத்துதான். பாண்டிச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்துட்டு. அங்க வந்து ஒரு வானாய்வுக் கூடமே கெட்டினான். நம்ம ஆளுங்ககிட்ட பஞ்சாங்கக் கணக்கும் கத்துக்கிட்டான். 1769 ஜூன் 4, விடியக்காலம். கத்திரி வெயில் முடிஞ்ச மறு வாரம்ல அது, நம்ம கரையில வெயிலுக்கா பஞ்சம்? அதுக்கு முந்தின காலையெல்லாம் வானம் பளிச்சுன்னு கெடந்துது. அன்னைக்குன்னு பாத்து மேகம் வந்து மூடிச்சு. சுக்கிரன் கடந்து போற வரைக்கும் மூடிக்கிட்டே கெடந்துது. அவன் போனதும் வெயில் வந்துட்டு. வயித்துக்கடுப்போட ஊர் போய்ச் சேர 1771 ஆயிட்டு. அங்க போனா, ஆளு செத்துட்டான்னு சொந்தக்காரங்க சொத்தைப் பிரிச்சிக்கிட்டு இருக்காங்க. பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியில அவனுக்கு இருந்த எடமும் வேற ஆளுக்குப் போயிட்டு. நம்ம ஊர்ல சுக்கிர திசை அடிச்சிருக்குன்னு சொல்லுவாங்க. அடிச்சா இப்படி அடிக்கணும்!

பிரைசன் இதை ஏன் சொல்லுதாம்னு உங்க அக்காகிட்ட கேட்டேன். அவளுக்கு விளங்கல, எனக்கு விளங்கிட்டு. அவனுக்கு விடையைவிட, விடைக்காக அலைஞ்சவன் பட்ட பாடுதான் ருசி. மிட்ஜ்லினு ஒருத்தன், பெட்ரோல்ல ஈயத்தைக் கலந்தவன். ஓசோனை ஓட்டை போட்ட வாயுவையும் அவனே கண்டுபிடிச்சான். போலியோ வந்து படுத்த பொறவு, கட்டில்ல இருந்து எந்திரிக்க கயிறும் கப்பியுமா ஒரு எந்திரம் செஞ்சான். 1944-ல அந்தக் கயிறே கழுத்தைச் சுத்தி ஆளை முடிச்சிட்டு. அவன் பரப்பின ஈயத்தோட மல்லுக்கட்டினவன் கிளேர் பேட்டர்சன். பூமியோட வயசு 455 கோடி வருசம்னு கண்டு சொன்னவன். கல்லுல ஈயத்தை அளக்கப் போனவன், காத்தெல்லாம் ஈயமாக் கெடக்குதேன்னு திகைச்சுப் போயி பெட்ரோல் கம்பெனிகளோட சண்டைக்கு நின்னான். பூமிக்கு வயசு சொன்னவன் பேரு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே அக்கா சொல்லித்தான் தெரியும்.

இப்படி விழுந்ததையும் முழிச்சதையும் எழுதின பாவத்துக்கு அவனுக்குக் கிடைச்ச தண்டனையக் கேளு. கல்லூரிப் படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தவனை 2005-ல டர்ஹம் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக்கிட்டாங்க. அங்க உள்ள நூலகத்துக்கும் அவன் பேருதான். 2013-ல ராயல் சொசைட்டி கௌரவ உறுப்பினர் பட்டமும் கொடுத்துட்டு. விஞ்ஞானம் தெரியலியேன்னு ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்ச பயலுக்கு!

உனக்கெதுக்குல இந்தத் தொந்தரவு? நீ பாட்டுக்கு 'இயற்கை எழில் கொஞ்சும் குற்றாலம்'னு எழுது. மேகம் மலையை முத்தமிட்டுதுன்னு எழுது, மேகம் வந்து மறுக்கவா போவுது. ஐந்தருவிப் பாறையில, எவனோ தேச்சு விட்ட எண்ணெய்ப் பிசுக்குல நீ வழுக்கி, முன்னாடி நின்ன போலீஸ்காரர் இடுப்பைக் கட்டிப் பிடிச்சியே, அதை மட்டும் மூச்சு விட்டுராத. உங்க மாமன் மவ படிக்கும்ல.